ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: பிள்ளைகள், பெரியவர்கள் பார்வை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பரிசோதனைகளிலும் ஊர்ப்புறக் கண் முகாம்களிலும் பெயர் பதியும் மேசையருகே நின்றபடி மக்கள் எங்களிடம் கேட்டவையே இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை. விடைகள் பொதுவான விளக்கங்கள். உங்கள் கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் கண் மருத்துவரே.

எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்குப் பரிசோதனை?

இரண்டு கண்களையும் திறந்து பார்க்கும்போது எந்தக் கண் நன்றாக இருக்கிறதோ அதன் பார்வைதான் நமக்குத் தெரிகிறது. ஒரு கண் மெல்ல மெல்ல மங்கினாலும் மற்றொன்று அந்தக் குறையை மறைத்துவிடும். நல்ல கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கும் வேளையில்தான் மறு கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை என்பதை முதன்முதலாக உணர்ந்து, "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்று பதறி வருபவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். பல நேரங்களில் அந்தக் கண் மங்கத் தொடங்கி ஆண்டுகள் ஆகியிருக்கும்.

எனவே மாதம் ஒரு முறை, சுவரில் மாட்டிய நாள்காட்டியின் எதிரே நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி மறு கண்ணால் படியுங்கள். பிறகு மாற்றிப் படியுங்கள். கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே செய்யவேண்டும். இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது என்றாலும், ஒரு கண் மறு கண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

குழந்தைக்கு முதல் கண் பரிசோதனையை எப்போது செய்யவேண்டும்?

பிறந்த உடனேயே ஒரு முறை. குழந்தை மருத்துவர் சிறு விளக்கொளியைக் கண்ணுக்குள் செலுத்தி, பாப்பாவில், அதாவது கண்ணின் நடுவே தெரியும் கறுப்புத் துளையில், செந்நிற ஒளி திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். வெண்மையாகத் தெரிந்தால் பிறவிக் கண்புரை முதலியவற்றை ஐயுறவேண்டும். பிறவிக் கண்புரை பார்வையை அடைத்துக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சைக்குக் குழந்தை வளரும்வரை காத்திருக்கக் கூடாது; முதல் சில வாரங்களிலேயே அதைத் திட்டமிடுவார்கள்.

குறைமாதக் குழந்தைகளின் நிலை வேறு. 34 வாரங்களுக்கு முன்பே பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைக்கும் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை பிரிந்து பார்வை நிரந்தரமாகப் போய்விடும். பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்கவேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் நடைமுறை. மிகவும் எடை குறைந்த குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே தேவைப்படும். "இன்குபேட்டரிலிருந்து வெளியே வந்துவிட்டது, எடையும் ஏறுகிறது" என்ற மகிழ்ச்சியில் இந்தத் தேதி தவறிப்போகும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் புறப்படும்போது தரும் சீட்டில் கண் பரிசோதனை நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றக் குழந்தைகளுக்கு மூன்று நான்கு வயதில், படங்களைக் காட்டிச் செய்யும் பரிசோதனை ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது ஒன்று. பிறகு ஆண்டுக்கு ஒரு முறை.

பார்வை சரியில்லை என்றால் பிள்ளையே சொல்லிவிடாதா?

சொல்லாது. மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வேப்பமரம் என்றால் பச்சையான ஒரு மூட்டம் என்றே நினைத்திருந்த ஒரு சிறுமி, முதல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் இலைகளைத் தனித்தனியாக எண்ணத் தொடங்கிய காட்சியை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை.

பிள்ளை சொல்லாததை அதன் நடத்தை சொல்லும். பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, தொலைக்காட்சியின் அருகே போய் நிற்பது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வது ஆகியவற்றைக் கவனியுங்கள். படிப்பில் திடீரென்று பின்தங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள். தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தின் வழியே அரசுப் பள்ளி மாணவர்களைப் பரிசோதித்து இலவசக் கண்ணாடி வழங்குகிறார்கள். ஆனால் பள்ளியில் கொடுத்த கண்ணாடி பையிலேயே கிடப்பதும் உண்டு; கேலிக்கு அஞ்சிப் போடாத பிள்ளைகள் அதிகம். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

"சோம்பேறிக் கண்" என்று மருத்துவர் சொன்னார். கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா?

கண்ணாடி மட்டும் பல நேரம் போதாது, ஏனெனில் இங்கே பழுது கண்ணைவிட மூளையில்தான் மிகுதி. பார்வை என்பது குழந்தைப் பருவத்தில் மூளை கற்றுக்கொள்ளும் ஒரு திறமை. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, கண் விலகி நின்றாலோ, இமை சரிந்து பாப்பாவை மறைத்தாலோ அந்தக் கண்ணிலிருந்து தெளிவற்ற பிம்பமே மூளைக்குப் போகும். மூளையும் அதை ஒதுக்கிவிட்டு மறு கண்ணையே நம்பப் பழகும். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு அறிவியலாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி வைத்துச் சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது, கண் நலமாக இருந்தும் மூளை அந்தக் கண்ணைப் பொருட்படுத்தவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு அப்படி நேரவில்லை. மூளையின் பார்வைப் பகுதி குறித்த ஆய்வுகளுக்காக இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சிகிச்சையை விரைவாகத் தொடங்கவேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதன் அடிப்படை இதுதான்.

சிகிச்சையில் முதலில் சரியான கண்ணாடி. பிறகு, நன்றாகத் தெரியும் கண்ணை நாளொன்றுக்கு 2 முதல் 6 மணி நேரம்வரை ஒட்டுத்துணியால் மூடி, சோம்பிய கண்ணை வேலைவாங்குவது. நல்ல கண்ணை மூடுவதா என்று பாட்டிமார் கோபிப்பார்கள். பிள்ளையும் அழுது பிய்த்து எறியும். ஒட்டுத்துணியில் படம் வரைந்து ஒட்டுவது, அந்த நேரத்தில் பல்லாங்குழியோ வண்ணம் தீட்டுவதோ என்று ஏதேனும் ஒரு விளையாட்டைத் தருவது உதவும். ஏழு எட்டு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. அதன் பிறகும் ஓரளவு முன்னேற்றம் கிடைப்பதுண்டு என்பதால் பத்து வயதுப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்கிறார்களே?

இந்த நம்பிக்கையால் பார்வை இழந்தவர்கள் உண்டு. பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்கள் குழந்தையின் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பே. அதற்குப் பிறகும் விலகினால் மாறுகண் என்றே கொள்ளவேண்டும். முன் விடையில் சொன்ன சோம்பேறிக் கண்ணுக்கு அது ஒரு முக்கியக் காரணம். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

புகைப்படத்தில் பிள்ளையின் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. கேமராக் கோளாறா?

கேமராவின் கோணத்தாலும் அப்படித் தெரியலாம். ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பூனைக்கண் போன்ற இந்த வெள்ளொளியாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பெரும்பாலும் கண்ணையும் காப்பாற்றமுடியும். இந்த வாரத்துக்குள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீட்டில் 6/6, 6/18 என்று எழுதுகிறார்களே, அதன் பொருள் என்ன?

டச்சு நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வகுத்த முறை இது. மேலே உள்ள எண் நீங்கள் நிற்கும் தொலைவு, அதாவது 6 மீட்டர். கீழே உள்ள எண், நீங்கள் படித்த அதே வரியை நல்ல பார்வை உள்ளவர் எத்தனை மீட்டரிலிருந்து படிப்பார் என்பது. எனவே 6/18 என்றால், மற்றவர் 18 மீட்டரிலிருந்தே படித்துவிடும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள். 6/6 என்பது எழுத்துகளைப் படிக்கும் கூர்மையை மட்டுமே சொல்கிறது; கண் முழுநலத்தோடு இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய் முற்றிய ஒருவரும் 6/6 படிக்கக்கூடும்.

கண்ணாடி போட்டுப் பழகினால் பவர் ஏறிவிடுமா?

ஏறாது. போடாமல் இருந்தால் பவர் குறைந்துவிடும் என்பதும் இல்லை. பிறக்கும்போது ஏறத்தாழ 16, 17 மி.மீ. நீளமுள்ள கண்கோளம் வளர்ந்து பெரியவர்களில் 24 மி.மீ. அளவை எட்டுகிறது. அந்த அளவைத் தாண்டி நீண்டால் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே கிட்டத்தட்ட இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் பவர் ஏறிவிடும். பிள்ளை வளரும் ஆண்டுகளில் பவர் கூடுவதற்குக் கண் நீளுவதே காரணம். பழி மட்டும் கண்ணாடியின்மேல் விழுகிறது.

கிட்டப்பார்வையை முற்றிலும் தடுக்க வழியில்லை என்றாலும், நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது தொடங்குவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மைதானத்தில் பந்தை விரட்டினாலும் திண்ணை நிழலில் கதை பேசினாலும் சரி, வானத்தின் வெளிச்சம் வேண்டும். பள்ளி முடிந்ததும் நேரே தனிப்பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மாலையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, பவர் ஏன் ஏறுகிறது என்று கேட்பதில் பொருளில்லை. ஆண்டுதோறும் பவர் வேகமாக ஏறினால், குறைந்த அடர்த்தியுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தையோ தனி வகை லென்சுகளையோ மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு.

கேரட்டும் பொன்னாங்கண்ணியும் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?

முடியாது, கண்ணின் நீளத்தைக் கீரை குறைக்காது. ஆனால் கீரையைக் கைவிடவேண்டாம். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண், பிறகு வெண்விழியில் சோப்பு நுரைபோன்ற திட்டுகள், கடைசியில் கருவிழியே கரைந்துபோகும் நிலை என்று நோய் முற்றும். முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, பால் ஆகியவை நம் வீட்டுக்கு எட்டும் உணவுகள். இவற்றோடு, 9ஆம் மாதத்தில் ஒரு லட்சம் அலகும், ஒன்றரை வயதுவாக்கில் தொடங்கி ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம் அலகும் வைட்டமின் ஏ திரவத்தை அரசு இலவசமாகத் தருகிறது. தவறவிடாதீர்கள்.

கணினி முன் உட்கார்ந்தால் கண் எரிகிறது. நீல ஒளிக் கண்ணாடி வாங்கலாமா?

உங்கள் பணம் மிஞ்சட்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு கூறியது. எரிச்சலுக்குக் காரணம், திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்து கண்ணீர்ப் படலம் காய்ந்துபோவது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 நொடி பார்த்து நன்றாகச் சிமிட்டுங்கள். மின்விசிறியோ ஏசியோ முகத்தில் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் தலைவலி நீடித்தால் பவரைச் சோதிக்கவேண்டும்.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

பார்வையால் ஒட்டாது, கையால் ஒட்டும். பெரும்பாலும் அடினோ வைரஸ் உண்டாக்கும் இந்தக் கண்வலி, நோயாளி கண்ணைத் தொட்டுவிட்டுத் தொட்ட துண்டு, தலையணை, கதவுப்பிடி, கைப்பேசி வழியே பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி அவருடைய கண் கூச்சத்துக்கு இதமே தவிர, அருகில் இருப்பவருக்குக் காப்பல்ல. சோப்பால் கை கழுவுவதும், தனித் துண்டு வைத்துக்கொள்வதும், நீர் வடிவது நிற்கும்வரை பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல் இருப்பதும்தான் காப்பு. ஒன்றிரண்டு வாரங்களில் தானே ஆறும்.

மருந்துக் கடையில் "கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து" என்று கேட்டு வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு ஒரே நாளில் மறையும். ஆனால் தொடர்ந்து போட்டால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரலாம். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு, பன்னீர் எதையும் கண்ணுக்குள் விடவேண்டாம். வலி கடுமையாக இருந்தாலோ பார்வை மங்கினாலோ அது வெறும் மெட்ராஸ் ஐ அல்ல.

கண்ணில் தூசியோ நெல் உமியோ சுண்ணாம்போ பட்டால் என்ன செய்யவேண்டும்?

மூன்றும் மூன்று கதை. சாதாரணத் தூசியைச் சுத்தமான நீரில் கண்ணைத் திறந்து மூடிக் கழுவினால் போய்விடும், கசக்கக் கூடாது.

கதிர் அடிக்கும்போது உமியோ, கரும்புத் தோட்டத்தில் சோகையோ கண்ணைக் கீறினால் அது சிறு காயம்போலத் தெரியும். ஆனால் அந்தக் கீறல் வழியே பூஞ்சை உள்ளே புகுந்தால் இரண்டு மூன்று நாட்களில் கருவிழியில் வெள்ளைப் புண் தோன்றும். தென்மாவட்டங்களில் கருவிழிப் புண்ணுக்கு இது பெரும் காரணம். இப்படிப்பட்ட கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால் பூஞ்சைக்கு உரம் போட்டதுபோல் ஆகும். ஊர்ப்பக்கம் தூசியை நாக்கால் துழாவி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் வாயில் உள்ள கிருமிகள் அத்தனையும் அந்தக் காயத்தில் சேர்ந்துவிடும்.

சுண்ணாம்பு எல்லாவற்றிலும் கொடியது. வெற்றிலைக்கு வாங்கி வைத்த சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளை பிதுக்கி விளையாடும்போது வெடித்துக் கண்ணில் தெறிக்கும். காரம் கருவிழிக்குள் இறங்கிக்கொண்டே போகும் என்பதால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன், அந்த இடத்திலேயே, குழாய் நீரோ குடத்து நீரோ கொண்டு இமைகளைப் பிரித்துப் பிடித்தபடி குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கழுவவேண்டும். கழுவியபின் ஓடுங்கள். அந்தப் பொட்டலம் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நாற்பது வயதில் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. நோயா?

இது வெள்ளெழுத்து, நரைபோல எல்லோருக்கும் வருவது. கண்ணுள் இருக்கும் லென்சு நெகிழ்ச்சியை இழப்பதால் அருகே குவியவில்லை. சாலையோரத்தில் விற்கும் கண்ணாடியும் படிக்க உதவும் என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் அதை வாங்கிக்கொண்டு திருப்தியடைபவர், நாற்பதில் செய்துகொள்ளவேண்டிய கண்ணழுத்த, விழித்திரைப் பரிசோதனைகளைத் தவறவிடுகிறார் என்பதே எங்கள் வருத்தம்.

கண்புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருக்கலாமா?

பழைய முறையில், லென்சை முழுதாக எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்த காலத்து அறிவுரை அது. இன்று, பேருந்தின் எண்ணைப் படிக்க, அரிசியில் கல் பொறுக்க, இரவில் வண்டி ஓட்ட இடையூறு தொடங்கிவிட்டாலே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். மிகவும் முற்றவிட்டால் அறுவை சிகிச்சை கடினமாகும். கண்ணழுத்தம் ஏறி வலியும் வரலாம். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை.

கண்ணுக்குள் லென்சு வைக்கும் முறையை 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகச் செய்தார். போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்து ஆண்டுக்கணக்கில் தொல்லை தராமல் கிடந்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது. நம் ஊர் ஏழைகளுக்கு அந்த லென்சு எட்டாக்கனியாகவே நெடுங்காலம் இருந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்புக் கூடத்தை அமைத்து, வெளிநாட்டு லென்சின் விலையில் ஒரு சிறு பங்குக்கே அதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் முகாமுக்கு வரும் விவசாயக் கூலிக்கும் லென்சு வைப்பது வழக்கமானது. சென்னையில் 1819இல் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையிலும் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது.

கிளாக்கோமா வலிக்காது என்கிறார்கள். அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் பரிசோதனையில் மட்டுமே. கண்ணுள் நீரின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். அது கூடும்போது பார்வை நரம்பு ஓரத்திலிருந்து பட்டுப்போகத் தொடங்குகிறது. சிலருக்கு அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே நரம்பு கெடுவதால், அழுத்தத்தை அளப்பதோடு நரம்பையும் பார்க்கவேண்டும். நடுப்பார்வை கடைசிவரை நிலைப்பதால் எழுத்துகளைப் படித்துக்கொண்டே இருப்பார். வாசற்படியில் இடறத் தொடங்கும்போது பாதி நரம்பு போயிருக்கும். போனது திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். மருந்து விட்டும் பார்வை கூடவில்லையே என்று நிறுத்திவிடுவதுதான் நாங்கள் காணும் மிகப் பெரிய தவறு.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆண்டுதோறும் கண்ணைக் காட்டவேண்டுமா?

ஆம். இரண்டாம் வகை நீரிழிவு எப்போது தொடங்கியது என்று துல்லியமாகத் தெரியாது என்பதால், கண்டுபிடித்த அன்றே முதல் விழித்திரைப் பரிசோதனை. பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு. அன்று சில மணி நேரம் பார்வை கூசும் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவால் பழுதான விழித்திரை இரத்தக் குழாய்கள் கசிவதற்கு முன்பே லேசரோ ஊசியோ கொடுத்தால் பார்வையைத் தக்கவைக்கலாம். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் காட்டவேண்டும். யாருக்காயினும் கண்முன் மின்னல்போல வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று மழைபோலப் பெருகினாலோ, திரை இறங்கியதுபோல இருந்தாலோ அன்றே செல்லுங்கள்; விழித்திரை பிரியலாம்.

கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, முதியவர் கண் தானம் செய்யலாமா?

செய்யலாம், கண்புரை அறுவை சிகிச்சை செய்தவரும் செய்யலாம். மாற்றிப் பொருத்துவது கருவிழியை மட்டுமே. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக்குக் காரணமான பி, சி வைரஸ் தொற்றுகள், வெறிநாய்க்கடி நோய், இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் இறந்தவர்களின் கண்களை மட்டும் பயன்படுத்த மாட்டார்கள். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்பதால் செய்தியை உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடவேண்டும். முகம் விகாரமாகாது, இறுதிச் சடங்கும் தாமதமாகாது. உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட்டவர் பலரின் விருப்பம் நிறைவேறாமல் போவதற்குக் காரணம், அந்த அட்டை இருப்பதே வீட்டாருக்குத் தெரியாததுதான். அந்த நேரத்தில் சம்மதம் தரவேண்டியவர்கள் அவர்களே. எனவே அட்டையை அலமாரியில் வைப்பதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.